சாரலில் கரைந்த சீட்டு

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் அடையத் தொடங்கியதும், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓடும் பேருந்தைப் பற்றிய முறையீடுகளும் தொடங்கிவிடும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாரல் மாதங்களில் பிற்பகலில் கடையிலிருந்து விடுபட்டதும் குற்றாலம் சென்று, அருவியில் நீராடி, சங்கு வடிவாய் அமைந்த அந்தக் கோயிலில் வழிபட்டு, விளக்கு வைக்கும் பொழுதுக்குள் ஊர் திரும்புவது என் நியமம். ஆகவே அந்தப் பேருந்தின் குறைகளைச் சொல்லும் தகுதி எனக்கு மற்றவர்களைக் காட்டிலும் குறைவில்லை.

தனியார் வண்டி அது. பக்கங்களில் கண்ணாடி கிடையாது. சுருட்டிக் கட்டிய படுதாவை மழை வந்தால் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்தால் காற்று அதைத் தூக்கி நம் முகத்திலேயே அறையும். கூரையில் ஆணி கழன்ற இடமெல்லாம் ஒழுகும். வண்டிக்குள் குடை விரித்து அமர்ந்து வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். என் தலைக்கு நேரே ஒரு துளை இருந்தது. அருவியாடி வந்தவனுக்கு அது மறுபடியும் ஒரு திருமஞ்சனம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சீட்டின் சாயம் ஒன்றுதான்.

அந்த வழித்தடத்துக்கு ரோஜாப்பூ நிறத்தில் மெல்லிய தாளில் சீட்டு அடித்திருந்தார்கள். சட்டைப் பை உள்ளவர்கள் பிழைத்தார்கள். என் போல் மேல்துண்டோடு வருகிறவர்கள் அதை இடுப்பு மடியில்தான் செருக வேண்டும். ஈரம் பட்ட மறுகணம் தாள் கூழாகிச் சாயம் வேட்டியில் இறங்கிவிடும். வெளுத்த வேட்டியில் இடுப்பைச் சுற்றி அந்தக் கறையைக் கண்டு என் இல்லாள் ஒரு நாள் கேட்டாள்: "உங்க சாமி திருநீறுதான பூசச் சொல்லுதாரு? இடுப்புல குங்குமத்தைக் கரைச்சுப் பூசுங்கன்னு எந்தப் பாட்டுல சொல்லியிருக்கு?" அந்தச் சாரல் முழுதும் கம்பெனி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். சாயம் மாறவில்லை.

மறு ஆண்டு சாரலில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. வழியில் ஓர் ஓடையின் மேல் இருந்த சிறுபாலத்தில் வெடிப்புக் கண்டு, மராமத்து வேலை தொடங்கியிருந்தார்கள். ஆளேற்றிய வண்டி அதில் போகக் கூடாது. எல்லோரும் இறங்கிப் பாலத்தை நடந்து கடக்க வேண்டும். வெறும் வண்டி பின்னால் ஊர்ந்து வரும். அக்கரையில் மறுபடி ஏறலாம். இறங்கி ஏறும் சந்தடியில் வயல்வெளியில் நிற்பவர்களும் சீட்டு வாங்காமல் கலந்து ஏறிவிடுகிறார்கள் என்று, ஏறும்போது எல்லோரும் சீட்டைக் காட்ட வேண்டும் எனக் கம்பெனி உத்தரவு போட்டது. சில நாட்கள் சீட்டுச் சோதிக்கும் செக்கரே வந்து அக்கரையில் குடையோடு நிற்பார்.

இதைப் பற்றி வண்டியில் நடந்த வழக்காடலைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு. குற்றாலத்தில் மங்குஸ்தானும் கொய்யாவும் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு தென்காசி திரும்பும் பழக்காரம்மா ஒருத்தி எதிர்க்கட்சித் தலைவி. வடகரையிலிருந்து தேங்காய் வாங்கிவிற்கும் வியாபாரி ஒருவர் கம்பெனிக் கட்சி.

"நடந்த தூரத்துக்கு எதுக்குவே சீட்டு? என் காலு நடந்துச்சு. என் காலுக்குல்லா நீரு துட்டு குடுக்கணும்" என்பாள் அவள்.

"பாலத்தைக் கம்பெனியா இடிச்சிச்சு? அது சர்க்காரு பாலம். இவுக என்ன செய்வாக?" என்பார் வியாபாரி.

"பாலம் சர்க்காருது. கூரை யாருது அண்ணாச்சி? அதுவும் சர்க்காரு ஒழுகவிடுதாகளோ?"

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். செங்கோட்டைப் பக்கத்து இளைஞர், புதிதாக மணமானவர். "எக்கா, நீங்க பேசுத பேச்சுக்கே வண்டி ஓடிரும், டீசல் வேண்டாம்" என்று ஒரு முறை சொல்லி, அவளிடம் ஒரு வாரம் வசவு வாங்கினார்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. எனினும் எனக்கென்று ஒன்று இருந்தது, இன்றும் அதில் மாற்றமில்லை. ஏறியவன் கட்டணம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தானா என்று கேட்கும் உரிமை வண்டிக்காரனுக்கு உண்டு. அவன் தந்த சீட்டை நனையாமல் வைத்துக்கொள்ள ஒரு கூரை கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. ஒரு கையால் மட்டும் கும்பிட முடியாது.

ஆடி மாதத்தில் ஒரு நாள். மலை முழுதும் மறைந்து, சாரல் என்ற பெயரைக் கடந்து மழையாகவே பெய்தது. குற்றாலத்தில் வண்டி புறப்பட்டதும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தேவாரப் பதிகம் ஒன்றை ஓதத் தொடங்கினேன். வண்டி கிளம்பும்போது முதற்பாட்டு, அந்நாளில் உச்சி இடிந்து நின்ற தென்காசி மொட்டைக் கோபுரம் தெரியும்போது கடைசிப் பாட்டு என்பது என் கணக்கு. கண்டக்டருக்கு இது தெரியும். சில்லறையை விரித்த உள்ளங்கையில் வைத்திருப்பேன்; அவர் அதை எடுத்துக்கொண்டு சீட்டை வைப்பார்; நான் கண் திறவாமல் அதை மடியில் செருகுவேன். அன்றும் அப்படியே நடந்தது.

பாலம் வந்தது. இறங்கினோம். கால் விளங்காத முதியவர் ஒருவர் வண்டியில் இருந்தார். அவரைக் கண்டக்டர் தோளில் தாங்கி, சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தார். கண்டக்டரின் தோல்பை வாய் திறந்து மழையை வாங்கிக்கொண்டே வந்தது. அக்கரையில் செக்கர் நின்றிருந்தார்.

"சீட்டு, சீட்டு" என்று கை நீட்டினார். பழக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கூழ் உருண்டை வந்தது. வியாபாரி சட்டைப் பையில் விரலை விட்டார். அன்று அதுவும் கூழ். எவரிடமும் எண் தெரியும் சீட்டு ஒன்றுகூட இல்லை. செக்கர் கண்டக்டரின் பையை வாங்கித் திறந்தார். எத்தனையாம் எண்ணிலிருந்து சீட்டுக் கிழித்தார் என்று எழுதிய தாள் நனைந்து, மை வழிந்து நீலக் குட்டையாகியிருந்தது.

"இது மழையில நனைஞ்சதாவே, நனைச்சதா?" என்றார் செக்கர்.

"சார், அந்தப் பெரியவரைத் தூக்கிட்டு வந்தேன், சார்."

"துட்டை வாங்கிட்டுச் சீட்டுக் குடுக்காம விடுததும், கீழ கெடக்க பழைய சீட்டைப் பொறுக்கிக் குடுக்கதும் நமக்குத் தெரியாதா? போன மாசந்தான் இதுக்காக ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினோம். பை எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஆபீசுக்கு வா."

பையை வாங்கிவிட்டார் என்றால் வேலையை வாங்கிவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர் பை தொங்கிய தோளை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் குடுத்தான்யா! நாங்க இத்தனை பேர் சொல்லுதோம்லா" என்று பழக்காரம்மாதான் முதலில் கத்தினாள். நாள்தோறும் அவரை ஏசுகிறவள்.

"வாங்காதவனும் வாங்குனேன்னுதான் சொல்லுவான். பேசஞ்சர் பேச்சு எடுபடாது" என்ற செக்கர், கூட்டத்தில் என்னைக் கண்டார். நெற்றி நிறைய நீறு மழையில் வழிந்துகொண்டிருந்தது. "ஐயா, உங்களை எனக்குத் தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டிய. இவன் எல்லாருக்கும் சீட்டுக் குடுத்தானா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பையைக் குடுத்திருதேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். அவர் கொடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடுத்ததை நான் காணவில்லை. எந்த நாவால் சற்று முன் இறைவனை மெய்ப்பொருளே என்று அழைத்தேனோ, அந்த நாவால் காணாததைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது?

"எனக்குக் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன்" என்றேன்.

"நல்லாருக்கு!" என்று இரைந்தாள் பழக்காரம்மா. "ஏ சாமி, ஒரு புள்ள பொழப்பு போவுது. ஒம்ம கண்ணு தொறக்க அருவித்தண்ணி பத்தலையோ?"

வியாபாரி தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த வசவு எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அதை ஒட்டி அடுத்த மெய்யைத் தேடவே தோன்றியது. எனக்குக் கொடுத்தார் என்றேனே, அதையாவது காட்டுவோம் என்று மடியில் கைவிட்டேன். கூழ்தான் வந்தது. ஆனால் விரல்கள் ரோஜா நிறத்தில் சிவந்து வந்தன. இல்லாளின் கேள்வி நினைவுக்கு வந்தது.

"பழம் விற்கும் அம்மா, உங்கள் கையைக் காட்டுங்கள்" என்றேன்.

"எதுக்கு? சோசியம் பாக்கப் போறீரோ?" என்று நீட்டினாள். முடிச்சை அவிழ்த்த விரல்கள் சிவந்திருந்தன. முந்தானை நுனியும் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏ அண்ணாச்சி, பையில கைய விட்டுட்டு எடும்! ஏட்டி, நீயும் காட்டு! எல்லாரும் கைய நீட்டுங்க!"

மழையில் வரிசையாகக் கைகள் நீண்டன. எல்லா விரல் நுனியிலும் ஒரே சாயம். கால் விளங்காத முதியவர் வேட்டி மடிப்பையே விரித்துக் காட்டினார்.

செக்கர் எளிதில் இசைபவர் அல்லர். "பழைய சீட்டுக்கும் சாயம் உண்டுல்லா?" என்றார்.

"இல்லை" என்றேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள். ஒரு சாரல் முழுதும் அலுவலகத்தில் போய் முறையிட்ட பொருள். "ஒரு முறை நனைந்த சீட்டு வெளுத்துவிடும். இந்தப் பருவத்தில் கீழே கிடப்பது எதுவும் நனையாமல் இராது. எடுத்துப் பாருங்கள்."

அவரே குனிந்து சாலையோரத்திலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தார். வெளுத்துப்போன கூழ், விரலில் சாயம் சிறிதும் ஒட்டவில்லை. அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில், வெளுத்த சட்டையோடு குடைக்குள் நின்ற ஒருவர் கையை நீட்டாமல் இருப்பதைப் பழக்காரம்மா கண்டுவிட்டாள்.

"அந்த அண்ணாச்சி கை மட்டும் வெளேர்னு இருக்கே! நீரு எங்கன ஏறினீரு?"

அவர் குற்றாலத்தில் ஏறவில்லை. பாலத்தண்டை நின்று, எங்களோடு கலந்து நடந்தவர். "இனிமேத்தான் எடுக்கலாம்னு..." என்று இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். செக்கர் தாமே பையிலிருந்த கட்டின் அடியில் நனையாதிருந்த புதுச்சீட்டு ஒன்றைக் கிழித்தார். அதை அவரிடம் கொடுக்குமுன் மழையில் ஒரு கணம் நீட்டிப் பிடித்தார். சாயம் அவர் மணிக்கட்டு வரை ஓடியது. பிறகு பையை எடுத்துக் கண்டக்டரின் தோளில் தாமே மாட்டினார்.

"பையோட வாயை மூடி வையும்வே" என்று மட்டும் சொன்னார்.

வியாபாரி வண்டிக்குள் ஏறியதும், "பாத்தியளா, செக்கிங் வேணுங்கதுக்கு இதுதான் சாட்சி. ஓசியில ஏறினவன் மாட்டிக்கிட்டாம்லா" என்றார். "செக்கிங் வேணும். கூரையும் வேணும்" என்றாள் பழக்காரம்மா, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. இருவரும் சொன்னது சரியே. அன்று முதற்பாட்டிலிருந்து மீண்டும் தொடங்க எனக்குப் பொழுது இல்லை. விட்ட இடத்திலிருந்து ஓதினேன். அது குறையாகத் தோன்றவில்லை.

மறுநாள் குற்றாலத்தில் வண்டி புறப்பட்டதும் கண்ணை மூடி, சில்லறையோடு கையை விரித்தேன். சில்லறையை யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருமல் ஓசை கேட்டது. கண் திறந்தேன். கண்டக்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இந்தா ஒங்களுக்குக் குடுக்கேன், பாத்துக்கிடுங்க. இந்தா எக்காவுக்குக் குடுக்கேன். இந்தா அண்ணாச்சிக்கு. பாத்தாச்சா? இனிமே நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிடலாம்."

"நல்லாப் பாத்துக்கிடும் சாமி" என்றாள் பழக்காரம்மா.

பார்த்துக்கொண்டேன். அன்று முதல் கடைசி ஆளுக்குச் சீட்டுக் கிழித்து முடித்த பிறகே பதிகத்தைத் தொடங்குவது என் புதிய நியமமாயிற்று. பாலம் திறந்த பின்னும் அதை விடவில்லை. கடைசிப் பாட்டை மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்ற பிறகு இருக்கையிலேயே அமர்ந்து முடிப்பேன். அதுவரை வண்டி திரும்பிப் புறப்படக் கண்டக்டர் விசில் ஊதமாட்டார்.