சுத்தம் என்ற சொல்லும் ஒரு தம்ளரும்

கல்லூரியில் ருஷ்ய மொழி கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும் சொற்களின் வேர் பற்றிய ஒரு புத்தக வேலையுமாக உட்கார்ந்துவிட்டேன். இரண்டிலும் லாபம் கிடையாது. புத்தகத்துக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

போன டிசம்பரில் ஒரு பெயரடையில் மாட்டிக்கொண்டேன். சுத்தமானதை ருஷ்யர்கள் 'சீஸ்தி' என்பார்கள். ஸ்லாவிய மொழிகளெல்லாம் ஒன்றாக இருந்த காலத்தில் அது 'சிஸ்து' போல இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். எழுத்தில் யாரும் பார்த்ததில்லை, ஊகம்தான். அதனால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்தச் சொல்லைத் தோண்டினால், வடிகட்டுவது என்ற வினையின் உறவு தெரிகிறது. வடிகட்டியதுதான் சுத்தம். இன்னும் தோண்டினால் வெட்டுவது, பிரிப்பது. சிரச்சேதத்தில் வருகிற நம்முடைய 'சேதம்' வடமொழி வழியாக அதே வேரிலிருந்து வந்தது என்கிறார்கள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிக் குதிக்க ஆளில்லை. மனைவி சேலத்துக்குப் போயிருந்தாள். நானே காப்பி போட்டு, களத்தில் காப்பிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். கிளியூர்க்காரர், பன்னிரண்டு வருஷமாக எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர். சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. அவரை 'நீங்க' என்றுதான் சொல்வேன். அதில் பெருமை வேறு.

வந்தவரிடம் கைக்கு வந்த தம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏனுங்க சார், இது உங்க ஊட்டுத் தம்ளருங்க."

சமையலறையின் பின்சன்னல் கட்டையில் கவிழ்த்திருந்த, விளிம்பு நசுங்கிய தம்ளரை அவரே போய் எடுத்து வந்தார். நான் அதில் தூக்கி ஊற்றினேன், தம்ளர் தம்ளரில் படாமல். கை தானாகச் செய்தது. இதிலேயே குடிங்க என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை. சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், அவர் முதல் தம்ளரை வாங்காதபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து குடித்தபடி, மேசை மீதிருந்த அகராதிகளைப் பார்த்தார்.

"இத்தனை பொஸ்தகத்த வெச்சுட்டு என்னங்க சார் எழுதறீங்க?"

"சுத்தம்னா என்னன்னு."

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"ம்."

"நொம்ப நல்லதுங்க," என்றார். கேலியில்லை, மனசாரத்தான் சொன்னார். பிறகு அந்தத் தம்ளரைத் தேய்த்துக் கழுவி, அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுக் களத்துக்குத் திரும்பினார்.

அன்று மாலையே அந்த அத்தியாயத்தை முடித்தேன். நட்சத்திரக் குறியை மறக்காமல் போட்டேன். தம்ளரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் மனைவி வந்துவிட்டாள். காப்பி கலந்து, களத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். எதில் என்று அவள் சொல்லவில்லை. நானே பின்சன்னலுக்குப் போய் அந்த நசுங்கிய தம்ளரை எடுத்தேன்.