டகோட்டாவின் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கூடுவோம். பழைய ராணுவ விமானங்களின் படங்களை மேஜையில் பரப்பிக்கொண்டு, இது எந்த ரகம், எந்தக் காலத்தில் பறந்தது என்று அடித்துக்கொள்வோம். வீடுகளில் எங்களுக்கு நல்ல பெயர் கிடையாது. "செத்துப்போன பிளேனுக்கு ஜாதகம் பாக்கப் போறீங்களா?" என்பாள் என் மனைவி. நான் கொஞ்சம் முசுடு. யாராவது தப்புத் தகவல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழுவில் பாதிப் பேர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படம் கொண்டுவருகிறவர் அதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. கதையைக் கேட்டுவிட்டால் கண்ணும் அதற்கேற்ற மாதிரியே பார்க்கும். அதனால் முதலில் விமானம், மனிதர்கள் அப்புறம்.

போன ஆடி மாதம் ஒரு அம்மாள் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வைத்தார். பேச வாயெடுத்தவரை நான் கையமர்த்தினேன்.

படத்தில் ஒரு விமானம், அதன் முன்னால் சீருடையில் ஒரு இளைஞன். இளைஞனை யாரும் பார்க்கவில்லை. "டகோட்டா" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்த பழைய இரட்டை எஞ்சின் விமானம். அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று நான் நிமிர்ந்துவிட்டேன். வளைகுடாவில் விமான நிலைய வேலை பார்த்துத் திரும்பிய பாய் மட்டும் லென்ஸும் கையுமாகக் குனிந்தபடியே இருந்தார்.

"கதவு தப்பான பக்கத்துல இருக்குங்க" என்றார்.

உண்மைதான். டகோட்டாவின் பின்பக்கத்துப் பெரிய கதவு இடப்புறத்தில்தான் இருக்கும். இதில் வலப்புறம் இருந்தது. அப்படி ஒரு டகோட்டாவை யாரும் செய்ததில்லை. பிரிண்ட் போட்டவர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் பக்கம் மாறிவிட்டது. எனக்கு ஒரே குஷி. "இப்ப சொல்லுங்க மேடம், யாரு இது?" என்று கேட்டேன்.

அவர் படத்தின் மேல் குனிந்தார். "அப்ப தழும்பும் பக்கம் மாறியிருக்குமா?" என்றார்.

இளைஞனின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. அப்போதுதான் நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோம்.

அவர் சொன்னார். படத்தில் இருப்பது அவருடைய அப்பா. விமானப்படையில் இருந்தவர். மகள் பிறப்பதற்கு முன்பே, அவர் போன விமானம் மலைகளுக்கு நடுவே காணாமல் போனது. யார் உடலும் கிடைக்கவில்லை. அந்த விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது என்று, கூட வேலை பார்த்த ஒருவர் இந்தப் படத்தை அனுப்பிவைத்தார். அம்மா பார்த்தார். கணவருக்குத் தழும்பு வலப்பக்கம், படத்தில் இடப்பக்கம். "இது அவரு இல்ல. வேற யாரோ ஏறிப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். சாயல் யாருக்கும் இருக்கும், தழும்பு இடம் மாறாது என்பது அவர் கட்சி. அன்று பிடித்த பிடியை அவர் இன்றுவரை விடவே இல்லை. வீடு காவிரிக்கரையில், அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில். ஊரே அங்கே வந்து திதி கொடுத்துவிட்டுப் போகிறது. அப்பாவுக்கு மட்டும் இதுவரை யாரும் எள்ளும் தண்ணீரும் இறைத்ததில்லை.

 ஒரு வீட்டின் துக்கத்தை விடுகதை மாதிரி அவிழ்த்துவிட்டுக் குஷிப்பட்டது எனக்குக் கேவலமாக இருந்தது. படத்தை ஸ்கேன் செய்து, பக்கத்தைத் திருப்பி, புதிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

"உங்க அம்மாகிட்ட காட்டித்தான் ஆகணுமாங்க?" என்றார் பாய்.

"எனக்கே வயசாயிடுச்சு பாய். அப்பா செத்துட்டாருன்னு ஒரு தடவையாவது நான் அழ வேண்டாமா? அம்மா இருக்கற வரைக்கும் அந்த வீட்ல யாரும் அழக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

அன்றைக்கே போனேன். அவருடைய அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கதவைக் காட்டி, பழைய படம் ஏன் பக்கம் மாறியது என்று சொன்னேன். டகோட்டாவைப் பற்றி நான் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. அவர் விரல் தழும்பின் மேல் நின்றது.

"இவருதான்" என்றார். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மகளிடம், "அன்னிக்கு என்ன திதின்னு பாத்து வை" என்றார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாம இருக்காது. பறந்துட்டு இருக்கறப்ப இந்தக் கதவைத் திறந்து ஒரு ஆளு குதிக்க முடியுமா?"

முடியும். பாராசூட் வீரர்கள் குதித்ததே அந்தக் கதவு வழியாகத்தான். எங்கள் மாடியில் யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது.

"முடியாதும்மா" என்றேன்.