நான் கட்டிய பொட்டலம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில், என் மகள் மலர்விழி பத்து நாட்கள் என்னோடு பேசவில்லை. அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அந்தப் பத்து நாட்களின் பக்கங்களும் "மலர் இன்றும் பேசவில்லை" என்ற ஒரே வரியில்தான் முடிகின்றன. வீட்டில் சோறு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்த நாட்களில் ஈசன் எனக்குச் செய்ததை நம் வழிபாட்டுக் குழு அன்பர்களுக்கு நடந்தபடியே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வது என் தொழில். மலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரே கல்லூரியில் இரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. ஒன்று பி.எஸ்சி. வேதியியல். மற்றது பி.எஸ்சி. உயிர்வேதியியல். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் மாற்ற முடியாது.

அவள் வேதியியல் என்றாள். நான் உயிர்வேதியியல் என்றேன். ஆஸ்பத்திரி லேப்பில் வெள்ளைக் கோட்டோடு உட்காருவாள் என்பது என் கணக்கு. வேதியியல் படித்தால் மறுபடியும் சாயத்தொட்டிப் பக்கமே வந்து நிற்பாள் என்று பயந்தேன்.

என் மனைவி சரசுவின் தம்பி ஒருநாள் வந்தவர் சிரித்தார். "இன்னா மாமா, ரெண்டும் கெமிஸ்ட்ரிதானே? ஒண்ணுக்கு உயிர் இருக்குது, ஒண்ணுக்கு இல்ல. இதுக்கா மூஞ்சியத் தூக்கிக்கினு இருக்கீங்க?"

"உயிர எடுக்கிறது ரெண்டும் இல்லடா, உங்க மாமாதான்" என்றாள் சரசு.

தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் தெருக் கோயிலுக்குப் போய் ஈசனிடம் கேட்டேன். பத்தாம் நாள் வரை ஒரு தெளிவும் இல்லை. பதினோராம் நாள் திங்கட்கிழமை. அன்று சன்னிதியில் பூ வைத்துக் கேட்டுவிடலாம் என்று ஞாயிறன்றே முடிவு செய்தேன்.

நம்மில் பலரும் செய்வதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி சுவாமி முன் வைப்போம். கைக்கு வருவது எதுவோ அதுவே உத்தரவு. வெள்ளை நந்தியாவட்டை என்றால் உயிர்வேதியியல், சிவப்பு அரளி என்றால் வேதியியல் என்று முதல்நாளே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். இரண்டு தாள்களையும் ஒரே அளவில் அளந்து வெட்டினேன். இரண்டு பூவுக்கும் பெரிதாக வாசம் கிடையாது, அதையும் யோசித்தேன். தறியில் மிஞ்சிய பட்டு இழையால் வெள்ளைப் பூவை முதலில் கட்டினேன். அதற்குள் போன் வந்தது. பேசிவிட்டு வருவதற்குள் சரசு மற்றதைக் கட்டி முடித்திருந்தாள்.

திங்கள் காலை மலரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். "படிக்கப் போறவளே எடுக்கட்டும்" என்றார் குருக்கள். மலர் இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். கண்ணை மூடினாள். ஒன்றை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "ஈசன் உயிர்வேதியியல் என்றார்" என்று எழுதினேன்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். கோயிலிலிருந்து கொண்டுவந்து பூஜை மாடத்தில் வைத்திருந்த இரண்டு இழைகளையும் எடுத்துச் சுருட்டப் போனேன். பிரிக்கும்போது முடிச்சை அவிழ்க்காமல் இழையை உருவியிருந்தார்கள். ஒன்றில் என் முடிச்சு, மற்றதில் சரசுவின் முடிச்சு. அறுந்த இழையை நான் இடப்பக்கம் மடித்து முடிவேன், அவள் வலப்பக்கம். எங்கள் வீட்டில் எந்த இழையை யார் முடிந்தார்கள் என்று மலர் சின்ன வயதிலிருந்தே பார்த்த உடனே சொல்லிவிடுவாள். மலரைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சிதான் எடுத்தியா?" என்று கேட்டேன்.

"உன் முடிச்சு எனக்குத் தெரியாதாப்பா? உன் ஆசைய நீதான் கட்டியிருப்பேன்னு எடுத்தேன்."

"சாமி முன்னால அப்படிச் செய்யலாமா?"

"பத்து நாளா நீ சாப்பிடலயே. விடுப்பா, அதையே படிச்சிக்கிறேன்."

அவள் அழவில்லை. அதுதான் என்னை உடைத்தது.

அன்று மாலையே மறுபடியும் கோயிலுக்குப் போனேன். இம்முறை கையில் பொட்டலம் இல்லை. "என் விருப்பத்தைக் கட்டிக்கொண்டு வந்து உன் வார்த்தை என்று எழுதிவிட்டேன். மன்னித்துவிடு. என் பிள்ளைக்கு எது ஏற்றது என்று எனக்குப் புரிய வை" என்று வேண்டினேன். கேட்டது அவ்வளவுதான்.

வீடு திரும்பி, காலையில் எழுதிய வரியைத் திருத்த உட்கார்ந்தேன். நாட்குறிப்பில் நான் எதையும் அடிப்பதில்லை. பிழை என்றால் பக்கத்தில் குறிப்பு எழுதுவேன். முன்பு எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்க்க முந்தைய ஆண்டின் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது:

"மலர் என்னோடு சாயப்பட்டறைக்கு வந்தாள். பட்டு சாயத்தைக் குடித்ததும் தொட்டித் தண்ணீர் ஏன் தெளிகிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை."

இன்னொரு பக்கத்தில்: "கிணற்று நீர், குழாய் நீர், நான்கு டம்ளர்களில் சோப்பு கலக்கி எதில் நுரை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது." வேறொன்று: "ரத்தப் பரிசோதனை முகாம். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்."

ஒரு வருடம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வரி தவறாமல் எழுதிய நான் ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. நான் பத்து நாட்கள் கெஞ்சிக் கேட்ட பதிலை ஈசன் அதற்கு முன்பே என் கையாலேயே எழுத வைத்திருந்தார். நோட்டின் மேல் தலை வைத்து அழுதேன்.

மலரைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். "இதெல்லாம் எழுதி வச்சிக்கினா என்கூட சண்டை போட்ட?" என்றாள். பதினோரு நாட்களில் அவள் சிரித்தது அப்போதுதான். புதன்கிழமை காலை வேதியியலை உறுதிசெய்தோம்.

இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தொட்டித் தண்ணீர் ஏன் தெளிகிறது என்று எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டாள். பாதிதான் புரிந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் புதிதாக எழுதுகிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று முடிவாகாமல் இருக்கலாம். ஈசனிடம் கேளுங்கள். பதில் சொல்வார், எனக்குச் சொன்னார். ஆனால் போகும்போது கையில் எதையும் கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.