புஷ்பத்தின் பெயரில் என் ரத்தம்

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) மலையைக் குறுக்கே கடந்தபோது ஒரு குச்சி செருப்பைத் துளைத்து என் பெருவிரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. அரை நாள் அதோடு நடந்து கொழுந்து பறித்திருக்கிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுப் புஷ்பம், "அக்கா, கால்ல ரத்தம்" என்று காட்டிய பிறகுதான் பார்த்தேன். வலிக்கவே இல்லை. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம்தான் தோட்டத்துப் பழைய மருந்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, மூன்று மொழியில் போர்டு மாட்டினார்கள். அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கிறதாம், இனி எங்களுக்கும் கிளினிக்காம். இப்படி எத்தனை போர்டு பார்த்திருக்கிறோம். போர்டு இருக்கும், மருந்து இருக்காது.

முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ரத்தம் எடுப்பார்கள் என்று காலைப் பெரட்டில் (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) கண்டாக்கையா (வேலையை மேற்பார்ப்பவர்) அறிவித்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் சுகத்தில் தோட்டத்துக்கு என்றைக்கு அக்கறை வந்தது? நோயாளிகளைப் பொறுக்கியெடுத்துப் பேர் வெட்டத்தான் (வேலையிலிருந்து நீக்கத்தான்) இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டினேன்.

பெரட்டில் ஒருத்தி பிந்தினால் அவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுப்பது எங்களுக்குப் பழக்கம்தான். யாருக்கு நோய் என்று தோட்டம் கண்டுபிடிக்கக் கூடாதென்று அதையே கிளினிக்கிலும் செய்தோம். ரத்தம் எடுத்த மிஸ் (தாதி) வெளியூர், எங்கள் முகம் தெரியாது. என் பேர் எழுதிய துண்டோடு புஷ்பம் போனாள், அவள் துண்டோடு நான் போனேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் லயத்துக்கே (எங்கள் வரிசை வீடுகளுக்கே) வந்து புஷ்பத்தைத் தேடினார். ரத்தத்தில் சீனி மிக அதிகம், உடனே டொக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் போனதும் புஷ்பம் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அது ஒங்க ரத்தம். நீங்கதான் போகணும்."

"நோயாளி இருந்தாத்தானே அவங்களுக்குக் காசு வரும். சும்மா எழுதியிருப்பாங்க புள்ள."

"அப்ப ஒங்க பேருல நான் குடுத்ததுக்கு ஏன் ஒண்ணும் எழுதல?"

அப்போதும் நான் போகவில்லை. மூன்று வாரத்தில் குச்சி ஏறிய விரல் கறுத்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டரம்மா புத்தகத்தைப் புரட்டி, "ராசம்மா, உங்களுக்குச் சீனி இல்லன்னுதானே இருக்கு" என்றார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நரம்பு மரப்பு (சீனி கூடி நரம்பு உணர்விழப்பது) வந்துவிட்டது, அதனால்தான் வலிக்கவில்லை என்றார். அந்த நிலையிலும் கேட்டேன்.

"இந்தப் புத்தகம் தோட்டத்து ஆபிசுக்குப் போகுங்களா?"

"போகாதும்மா. எத்தனை பேருக்குச் சீனி வருத்தம்னு மட்டும்தான் மேல போகும். அதப் பாத்துத்தான் மாத்திரை அனுப்புவாங்க."

நுவரெலியா ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இதுவரை என் பேரை வெட்டவில்லை. அதையும் முழுதாக நம்பிவிடவில்லை.

இப்போது பெரட்டுக்குப் போகுமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். அடிபட்டும் வாய் திறக்காத காலை எப்படி நம்புவது? முன்பு சம்பளத்துக்குச் சம்பளம் என்று ஓடிய மாதம், இப்போது கிளினிக்குக்குக் கிளினிக் என்று நகர்கிறது. போனதும் மருந்து அலுமாரியை எட்டிப் பார்ப்பேன். சில மாதம் பாதி காலியாக இருக்கும். அடுத்த வருசமும் காசு வருமா என்று கேட்டால் மிஸ் சிரித்து மழுப்புவார். நான் விடாமல் கேட்கிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுங்கள், கேள்வி கேளுங்கள். ரத்தத்தை மட்டும் உங்கள் பெயரிலேயே கொடுங்கள். நான் பெயரை மாற்றிக் கொடுத்தேன், போனது என் விரல்தான்.