பச்சைக் கதவின் உள்பக்கம்

பஸ் டெப்போவில் அவரை எல்லோரும் பெயிண்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நசுங்கிய தகரத்தில் பட்டி பார்ப்பார், தேய்ப்பார், பெயிண்ட் அடிப்பார், கடைசியில் தடம் எண் எழுதுவார். எண் எழுத அவர் ஸ்கேல் தேடி யாரும் பார்த்ததில்லை. விடுமுறை நாட்களில் வீட்டில் ஆறு, தோணி, மேகம் என்று வரைவார். கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

போர் தொடங்கிய மறுவருடம் டெப்போவுக்குப் பின்தெருவில் குண்டுகள் விழுந்தன. ஓடிப்போய் ஆட்களைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் கைக்குத் தோணி வரவில்லை.

இடிபாடுகளை லாரியில் அள்ளிவந்து டெப்போ மதிலோரம் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு கதவை வீட்டுக்கு இழுத்து வந்தார். தூரிகையைத் தொடவில்லை. பட்டித் தகட்டால் பஸ் பெயிண்டை அப்பி இழுத்தார். முகத்தைவிடப் பெரிய கைகள். கண் இருக்கவேண்டிய இடத்திலும் வாய்.

"மனுஷன் மாதிரியே இல்லையேக்கா" என்றார் ஒரு டிரைவர்.

"அன்னைக்கு யாரு மனுஷன் மாதிரி இருந்தா?"

கதவுகள் சேர்ந்தன. வெளிப்பக்கம் வெயிலில் வெடித்திருக்கும் என்பதால் உள்பக்கத்தில்தான் வரைவார். ஆணி பிடுங்கிக் கொடுப்பது தம்பி. அவருக்குத் தச்சு வேலை.

"வீடு முழுக்கக் கதவு. குளிக்கிற ரூமுக்கு மட்டும் இன்னும் துணி தொங்குது."

"உன்னை எட்டிப் பார்க்க யாருடா வரிசைல நிக்கிறா?"

ஒருநாள் டெப்போக்காரர்கள் ஷெட்டில் கதவுகளைச் சாய்த்துவைத்து எல்லோரையும் பார்க்க அழைத்தார்கள். தலைநகரத்து ஓவியக்கூடத்திலிருந்து வந்த அம்மா ஒரு கதவின் முன்னால் நின்றுவிட்டார். வெளிப்பக்கம் பச்சை அடித்த கதவு. படத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடுகிறார். கால்களே இல்லை, ஓட்டம் மட்டும். பெரிய கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோகவேண்டும் என்றார். தான் வரைந்ததில் அதுதான் நல்ல படம் என்று பெயிண்டரக்காவுக்கும் தெரியும். அப்படி ஒன்று இனி வருமா என்பது தெரியாது.

அப்போது பின்தெரு டெய்லர் வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டார்.

"இது நான் தலைகீழா மாட்டினது. அதுக்கு எங்க வீட்டுல என்னைக் கிழிகிழின்னு கிழிச்சா." சிரித்தார். கதவின் ஓரத்தில் கை தேடியது. "இங்க பென்சில் கோடு இருக்குமேம்மா. பொண்ணு உயரம். ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் போடுவேன்."

அந்த மகள் குண்டுவீச்சில் போய்விட்டாள்.

அக்காவும் தம்பியும் கோடுகளைப் பார்த்திருந்தார்கள். 'எவனோ போட்ட அளவுக்கோடு, தேய்ச்சுடு' என்று சொன்னது தம்பி. தச்சர் வீட்டில் பிறந்தவர்களுக்கு மரத்தில் பென்சில் கோடு என்றால் வேறென்ன தோன்றும்?

"தேய்ச்சிட்டேன் ஐயா" என்றார் பெயிண்டரக்கா. "உப்புத்தாள் போட்டு, சுத்தமா."

டெய்லர் உள்ளங்கையை ஓரத்தில் பதித்தார். "கடைசிக் கோடு இங்க வரும். அவ போட்ட கவுன் எல்லாம் நான் தைச்சது. எந்த வயசுல எவ்வளவுன்னு கை சொல்லும்."

பெயிண்டரக்கா பட்டித் தகட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். "போடுங்க."

"படம் கெட்டுடுமே."

"ஐயோ, வேண்டாங்க" என்றார் ஓவியக்கூடத்து அம்மா.

"அழுத்திப் போடுங்க ஐயா. பெயிண்ட் கெட்டி. லேசாக் கீறினா மரம் தெரியாது."

டெய்லர் கீழிருந்து தொடங்கினார். துணி வெட்டிப் பழகிய கை, கோடு நேராக விழுந்தது. ஒரு கோடு ஓடுபவரின் இடுப்பை அறுத்தது. இன்னொன்று தோளை. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுத் தகட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கதவை எடுத்துட்டுப் போலாமா?"

"உங்க கதவுதானே."

தம்பி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஏதாவது ஒன்றையாவது தரும்படி ஓவியக்கூடத்து அம்மா கேட்டார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் பெயிண்டரக்கா.

விசாரிக்கத்தான் செய்தார். ஒவ்வொரு கதவாகக் கைவண்டியில் ஏற்றி, பின்தெருக்காரர்கள் தங்கியிருந்த முகாமுக்குக் கொண்டுபோய், "இது யாரோடது?" என்று கேட்டார். சிலர் எடுத்துக்கொண்டார்கள். "மாட்டுறதுக்குச் சுவர் ஏது? நீயே வெச்சுக்கோ" என்றவர்கள் உண்டு. புதிதாகக் கண்டெடுத்த கதவுகளையும் வரைவதற்கு முன்பே காட்டினார். "வரைஞ்சுக்கோம்மா, இந்த இடத்தை மட்டும் விட்டுடு" என்று ஒரு சாண் மரத்தைத் தொட்டுக் காட்டியவர்களும் உண்டு. அந்த இடத்தைச் சுற்றித்தான் இப்போது அவர் வரைகிறார். உப்புத்தாளைத் தொடுவதில்லை.

அந்த வெறும் மரத்துக்கு என்ன அர்த்தம் என்று கண்காட்சிகளில் கேட்கிறார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க. வீட்டுக்காரங்களைத்தான் கேக்கணும்" என்கிறார்.