எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வராத வருஷம்

என் கணவருக்கும் எனக்கும் கல்யாணமான முதல் சில வருஷங்களில் பெரிய சண்டை என்று ஏதாவது வந்தது என்றால் அது கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றித்தான். இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள் என்று கேட்பார்கள்.

அவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் பிட்டர் வேலை. மேல்மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆள் நல்ல உயரம். குரல் அதைவிடப் பெரியது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் விடியற்காலை ஆராதனை, புதுத்துணி, பலகாரம், அவ்வளவுதான். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு வரும் தாத்தாவெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பரிசு யார் கொடுத்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி முழுக்க வெளியூர்க்காரர்கள். எங்கள் பிளாக்கில் நாகர்கோவில்காரர், மலையாளி, திருச்சிக்காரர் என்று கிறிஸ்தவக் குடும்பங்கள் சில இருந்தன. சொந்தமாக ஒரு கோவில் இன்னும் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷெட்டில் ஆராதனை நடக்கும். பாய் விரித்து உட்காருவோம். செம்மண் புழுதி வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

சுரங்கத்து வேலைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, தம் வீட்டில் இருந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியையும் அட்டை முகமூடியையும் என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் கேரல்ஸ் போகும்போது நான்தான் தாத்தா," என்றார்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்றது? தாத்தா வர்றாருன்னு சொல்லணும். நல்ல பிள்ளைங்களுக்குப் பரிசு கொண்டு வருவாருன்னு சொல்லணும்."

"அது பொய் இல்லீங்களா?"

"விளையாட்டு. எல்லாத்தையும் பொய், மெய்னு பாத்தா எப்படி?"

"இன்னிக்குத் தாத்தா இருக்காருன்னு சொல்லுவோம். நாளைக்கு அது அப்பாதான்னு நம்ம பையனுக்குத் தெரியும். அப்ப இயேசப்பா இருக்காருன்னு நாம சொன்னதையும் அவன் சந்தேகப்பட மாட்டானா?"

அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் உன்னை மாதிரி வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்கதான் யோசிக்கும்," என்றார்.

அவருடைய சிறு வயது எனக்குத் தெரியும். தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவர். பண்டிகைக்கு வீட்டிலிருந்து ஆள் வரும் பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். தம் பிள்ளைகளுக்கு ஒரு அதிசயம் வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அங்கியைப் பிரித்து அவர் அளவுக்கு நானே தைத்துக் கொடுத்தேன். தாடி வைக்க இலவம்பஞ்சு வாங்கினோம்.

அப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பையன். சின்னவள் பாப்பா, நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு, டிரம் அடித்துப் பாடிக்கொண்டு கேரல் குழு பிளாக் பிளாக்காக வரும். முன்னால் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் குரலை மாற்றிக்கொண்டு என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவனுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். "தாத்தாவுக்கு என் பேர் தெரியுதும்மா," என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பான். அப்பா ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று நான் சொல்லவேண்டும். சொல்லுவேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

பாப்பா வளர வளர இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. எல்லா வீட்டிலும் வருவதுதான். அவள் அவனுடைய சிலேட்டைத் தூக்குவாள். அவன் அவள் முதுகில் ஒன்று வைப்பான். அவள் ஊரைக் கூட்டுவாள். ஒரு வருஷம் கேரல்ஸ் வந்தபோது தாத்தா என் மகனைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "நீ தங்கச்சிய அடிக்கிறியாமே?"

பையனுக்குக் கண் விரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு எல்லாம் தெரியும். இனிமே அடிச்சேன்னா அடுத்த வருஷம் நான் வர மாட்டேன். சரியா?"

"அடிக்க மாட்டேன் தாத்தா."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று அவனுக்கு ஒரு தகர லாரி கிடைத்தது, பாப்பாவுக்கு ஒரு மரப்பாச்சி.

அடுத்த மழைக்காலத்தில் பாப்பா போய்விட்டாள்.

காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். தொண்டை வலிக்கிறது என்று கஞ்சியைத் தள்ளினாள். மறுநாள் மூச்சு விடும்போது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை இப்போதும் எழுத எனக்குத் தெரியவில்லை. தொண்டை அடைப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களால் ஆனதைச் செய்தார்கள். முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம், மழையில் ஊறிய செம்மண்ணில் அவளை அடக்கம் செய்தோம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஆட்கள் வாளியால் மொண்டு மொண்டு இறைத்தார்கள். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தவர்கள் பையனிடம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பாப்பாவ இயேசப்பா எடுத்துக்கிட்டாருப்பா. அழக்கூடாது," என்றார்கள். அவன் அழவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் வந்தது. துக்க வீடு என்பதால் நாங்கள் துணி எடுக்கவில்லை, பலகாரம் சுடவில்லை, நட்சத்திரம் கட்டவில்லை. கேரல் குழு எங்கள் வீட்டுக்கு வந்தபோது டிரம்மைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். மெதுவாக ஒரு கீர்த்தனை பாடினார்கள். போதகர் ஜெபம் செய்தார். தாத்தா இல்லை. அந்த வருஷம் அங்கியைத் தொடக்கூட என் கணவர் மறுத்துவிட்டார். வேறு யாரும் அதைக் கேட்கவும் துணியவில்லை. அவர் எங்களோடு வாசலில் சட்டை வேட்டியோடு நின்றார். பையன் தூணைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான். அவர்கள் போன பிறகும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வருவாள். வடலூருக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். அவள் புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வேலை செய்தான். மறுநாள் காலையில் அவள் தேய்த்துக்கொண்டிருந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, தம்பி பின்னாடி குந்திகினு என்னமோ சொல்லிகினு இருக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"என்ன சொல்றான்?"

"பாப்பா செத்ததுக்கு அதுதான் காரணமாம். அது பாப்பாவ அடிச்சுதாம். அது அந்தச் செவப்புச் சட்ட தாத்தாவுக்குத் தெரிஞ்சிபோச்சாம். அதனாலதான் வரலியாம். நான் என்னா சொல்றதுன்னு தெரியாம வந்துட்டேங்க."

நான் பின்பக்கம் ஓடினேன். கிணற்றடித் துவைகல்லில் அவன் தகர லாரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா சொன்ன நீ?"

லாரிச் சக்கரத்தை விரலால் உருட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி நான் அடிச்சேம்மா. சிலேட்ட உடைச்சிட்டா. கன்னத்துல அடிச்சேன். தாத்தாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவர் போயி இயேசப்பாகிட்ட சொல்லிட்டாரு. அதான் இயேசப்பா பாப்பாவ எடுத்துக்கிட்டாரு. தாத்தாவும் வரல."

அத்தனையும் ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தான். நாங்கள் சொன்னது ஒன்று, வந்தவர்கள் சொன்னது ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, இத்தனை நாளும் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். அவனுக்கு வயது ஏழு.

அவனைக் கட்டிக்கொண்டு அப்படியில்லை, அப்படியில்லை என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை என்று தெரிந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. என்னை ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நீ அன்றைக்கே சொன்னாய் என்று அவர் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி ஆறுதலும் இல்லை. அவர் எழுந்து கை கழுவினார். பரணிலிருந்து அங்கி வைத்திருந்த பெட்டியை இறக்கினார்.

பையனைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தார். நல்ல வெயில். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்தன. அவன் கண் முன்னாலேயே அங்கியை எடுத்து மாட்டினார். பஞ்சுத் தாடியைக் காட்டினார். முகமூடியைக் கட்டிக்கொண்டு, அந்த மாற்றுக் குரலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நான்தாம்ப்பா. எல்லா வருஷமும் நான்தான் வந்தேன். நீ பாப்பாவ அடிக்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சது, நான் இந்த வீட்டுல இருக்கிறதாலதான். வேற யாருக்கும் தெரியாது. யாரும் யார்கிட்டயும் போயிச் சொல்லல. பாப்பாவுக்கு நோய் வந்துச்சு. தொண்டைய அடைச்சுக்கிச்சு. ஊர்ல எத்தனையோ பிள்ளைங்களுக்கு வருது. நீ அடிச்சதால வரல. இந்த வருஷம் தாத்தா வராததுக்குக் காரணம், அப்பாவால முடியல. அவ்வளவுதான்."

பையன் முகமூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவர் எதிரே தரையில் அங்கியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு அவன் நிமிர்ந்தான். அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான்.

"இயேசப்பா எடுத்துக்கிட்டாருன்னு சொன்னீங்களே. அதுவும் இந்த மாதிரிதானா? யாராவது வேஷம் போட்டதா?"

சில வருஷங்களுக்கு முன்னால் நான் கேட்ட கேள்விதான். அவர் என்னைப் பார்த்தார்.

"இல்லப்பா. அது வேஷம் இல்ல," என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"நம்புறேன். பாப்பா அவர்கிட்ட இருக்கான்னு நம்புறேன். அவர் தண்டனை குடுக்க அவள எடுத்துக்கல. ஏன் போனான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு உங்கிட்ட இனிமே சொல்ல மாட்டேன்."

"ம்," என்றான். அப்புறம் அழ ஆரம்பித்தான். அடக்கம் செய்த அன்றிலிருந்து தேங்கியது எல்லாம் வந்தது. அவர் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் என் பதிலை ஏற்றுக்கொண்டானா என்பது எனக்குத் தெரியாது. பண்டிகை அன்று விடியற்காலையில் எங்களோடு ஆராதனைக்கு வந்தான், என் பக்கத்தில் உட்கார்ந்தான், எல்லோரும் ஜெபத்துக்குக் கண் மூடியபோது அவன் மூடவில்லை. நான் அதட்டவில்லை.

அங்கியை என் கணவர் சபைக்கே கொடுத்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து நாகர்கோவில்காரர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டார். அவரிடம் இவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். "ஆடுங்க, பாடுங்க, மிட்டாய் குடுங்க. நல்ல பிள்ளையா இருக்கியான்னு மட்டும் எந்தப் பிள்ளையையும் கேக்காதீங்க."

பிறகு எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே இது யார், இந்த வேஷம் எதற்கு, பெத்லகேமில் நடந்தது என்ன என்று தனித்தனியாகச் சொல்லி வளர்த்தோம். மாலையில் அந்த நாகர்கோவில் மாமா சைக்கிளில் வந்து முகமூடி கட்டிக்கொள்வதை அவளே பார்ப்பாள். பார்த்துவிட்டு, டிரம் சத்தம் கேட்டதும் "தாத்தா வந்தாச்சு" என்று அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிவாள். தெரிந்ததனால் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் குறையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறதே என்று தோன்றும்.

பையன் மட்டும் கேரல்ஸ் வரும் நேரத்தில் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். யாரும் அவனைக் கூப்பிட மாட்டோம். ஷிப்ட் இல்லாத வருஷங்களில் அவன் அப்பாவும் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாசலில் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, நான் தட்டில் வைத்த கேக்கை எல்லோரும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வரை இருவரும் அங்கேயே இருப்பார்கள். அவன் கல்லூரிக்கு என்று ஊரைவிட்டுப் போகும் வரை அப்படித்தான் இருந்தது. உள்ளே என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஒருமுறை அவரைக் கேட்டேன்.

"ஒண்ணும் பேச மாட்டோம்," என்றார்.