பொட்டு வச்ச பிளேட்டு

செல்வி அக்கா போயிட்டாங்க. காலைல லேப்ல இருந்தப்ப அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணார்... "தம்பி, முடிஞ்சிருச்சு."

எங்க லேப்ல அவங்கதான் சீனியர் டெக்னீசியன். சளி, ரத்தம்னு வர்ற சாம்பிள பிளேட்ல போட்டு, இன்குபேட்டர்ல வச்சு, என்ன கிருமி வளருதுன்னு பாக்குற வேலை.

அஞ்சு நாள்ல எதுவும் வளரலன்னா நாங்க தூக்கிப் போட்டுருவோம். அக்கா விட மாட்டாங்க. "அம்புட்டு அவசரமா உனக்கு? பாக்டீரியா பஸ்ல வந்துரும் தம்பி. பூஞ்சை நடந்துதான் வரும்."

பூஞ்சைக்குக் காத்திருக்குற பிளேட்டு மூடில தன்னோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண ஒட்டிருவாங்க. பொட்டு வச்சத டாக்டர்கூட தொட மாட்டார்.

மூணு வருஷமா அவங்களுக்கே காய்ச்சல், மூட்டு வலி, விடாத இருமல். எத்தன ஸ்கேன்... ஃபைல் பூரா ஒரே வரிதான், காரணம் தெரியல.

பூஞ்சையா இருக்குமோன்னு அவங்களுக்கே ஒரு சந்தேகம். இருக்கலாம்னு ஒரு டாக்டரும் சொன்னார். ஆனா ரிப்போர்ட் இல்லாம பூஞ்சைக்கான மருந்த ஆரம்பிக்க முடியாதுன்னுட்டார்.

அதனால தன் சளியத் தானே பிளேட்ல போட்டாங்க. பேர் எழுதல, பொட்டு போதும்னு விட்டுட்டாங்க.

ஒன்பதாவது நாள் அக்கா லீவு. நான் இன்குபேட்டர கிளீன் பண்ணேன். பேர் இல்லாத ஒரு பிளேட்டு, ஓரத்துல லேசா வெள்ளையா ஏதோ... காத்துல வந்து விழுந்த பூஞ்சைன்னு நெனச்சு, மத்த பிளேட்டோட அதையும் கழிச்சுட்டேன்.

கழிவு வண்டி போன பிறகுதான் பாத்தேன். ஈரத்துல உரிஞ்சு, இன்குபேட்டர் உள்தட்டுல ஒட்டிக் கெடந்துச்சு அக்காவோட மெரூன் பொட்டு.

அன்னைக்கே போன்ல கேட்டாங்க. "ஏதாச்சும் வந்திருக்கா தம்பி?"

"எதுவும் வளரலக்கா."

"சரி, விடு."

அதோட அவங்க திரும்பப் போட்டுப் பாக்கல. நான் சொன்னத நம்பிட்டாங்க.

அந்த வெள்ளைதான் அவங்க நோயான்னு எனக்குத் தெரியாது. வெறும் தூசியாவும் இருந்திருக்கலாம். இனிமே யாருக்கும் தெரியாது.

அக்கா வீட்டுக்குப் போற சமயநல்லூர் பஸ்ல உக்காந்துதான் இந்தப் போஸ்ட எழுதுறேன். ஆரப்பாளையம் தாண்டியாச்சு. அக்கா வீட்டுக்காரர் பேஸ்புக் பாக்க மாட்டார், அவர் முகத்தப் பாத்து நேர்லதான் சொல்லணும். சொன்ன பிறகு மாலை போட விடுவாரான்னு தெரியல.

பொட்டு என் பர்ஸ்லதான் இருக்கு.

வாரேன்க்கா.